பத்தடி ராம்சேஸ்

எகிப்து ராஜாவின் கிரீடம் வாசல் நிலையில் இடித்து நின்றது.

"அத்தான், வாசல் ஏழடி. ராஜா பத்தடி," என்றான் மச்சினன் செல்வக்குமார்.

"ஹால் உயரத்தை அளந்தேம்ல மாப்பிள. வாசல விட்டுட்டேன்," என்றார் இசக்கித்துரை.

சங்கரன்கோவில் வட்டாரத்தில் கல்யாண மேடை அலங்காரம் என்றால் அவர்தான். தெர்மகோலில் மயில் நிற்கும், தாமரை விரியும். மறுநாள் அத்தனையும் குப்பைக்குப் போகும். செய்தது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை.

இந்த முறை அப்படி இல்லை. பள்ளிக்கூடத்தில் வரலாற்றுக் கண்காட்சி. எகிப்தின் பழைய தலைநகரமான மெம்பிஸில் சிலைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறதாம். அங்குள்ள பெரிய சிலையைப் போலவே ஒன்றை ஹாலில் வைக்க ஆசைப்பட்டார் தலைமையாசிரியை ரசீதா. 'ராம்சேஸ் மன்னர். ஆக்கம்: க. இசக்கித்துரை' என்று போர்டும் எழுதி வைத்துவிட்டார். ஒன்பதாவதோடு அதே பள்ளிக்கூடத்தை விட்டுப் போன இசக்கித்துரை, அந்தப் போர்டைப் படமெடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பியிருந்தார்.

சிலைக்கு மாதிரியாக ரசீதா தந்த படத்தில் முழங்காலுக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. "படம் எடுத்தவன் வெட்டிட்டான் போல" என்று இசக்கித்துரை தன் கால்களையே கண்ணாடியில் பார்த்துச் செய்து முடித்தார். கெண்டைக்காலில் ஒரு நரம்புகூட விடவில்லை.

"சரி, படுக்கப் போட்டுக் கொண்டு போவோம்."

ராஜா படுத்தபடி உள்ளே போனார். நிமிர்த்தினால், கிரீடம் மின்விசிறியில் மாட்டியது.

"அத்தான், ஃபேன அளந்தீயளா?"

"வாய மூடிட்டு ரம்பத்தை எடு. பீடத்துல அரையடி அறுத்தா சரியாயிரும்."

அறுத்ததில் பீடம் ஒரு பக்கம் சரிந்தது. இடது கால் 'டப்'பென்று முழங்காலோடு விட்டது.

"ஒத்தக் கால்ல நிப்பாரா?"

"கம்பியப் போட்டு இறுக்கு. நிப்பாரு."

செல்வக்குமார் இறுக்கினான். வலது காலும் போனது.

ரசீதா ஓடி வந்தார். "அண்ணாச்சி! பதினோரு மணிக்குக் கல்வி ஆபீசர் வாராரு. மணி பத்தே முக்கால்!"

"பதறாதீங்க டீச்சர். மல்லாக்கக் கிடத்திருவோம்."

கிடத்தினார்கள். இப்போது பின்னால் நின்ற பிள்ளைகளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. பெஞ்சுகளை இழுத்துச் சுற்றிலும் போட்டு, ஏறி நின்று குனிந்து பார்க்கச் சொன்னார் ரசீதா. சாவு வீட்டில் எட்டிப் பார்க்கிற மாதிரியே இருந்தது.

ஆபீசர் சரியான நேரத்துக்கு வந்தார். பெஞ்சில் ஏறினார். முகம் சுருங்கியது.

"என்ன இது? எகிப்து ராஜாவக் காலை முறிச்சுப் போட்டிருக்கீங்க?"

ரசீதா, இசக்கித்துரையின் காதருகே வந்தார். "வண்டியில வரும்போது ஒடிஞ்சிட்டுன்னு சொல்லிருதேன் அண்ணாச்சி."

"வேண்டாம் டீச்சர். பொய் சொல்லி என் வேலையக் காப்பாத்தாண்டாம்."

"முதல்ல அந்தப் போர்டைக் கழட்டுங்க," என்றார் ஆபீசர். "பள்ளிக்கூடத்துக்கே அசிங்கம்."

செல்வக்குமார் தலையைக் குனிந்துகொண்டான். இசக்கித்துரை கைத்தூசியை வேட்டியில் துடைத்துவிட்டு முன்னால் வந்தார்.

"நான்தான் சார் செஞ்சேன். கால் ஒடிஞ்சது என் கோளாறுதான், ஒத்துக்கிடுதேன். ஆனா அந்த மூஞ்சியக் கொஞ்சம் பாருங்க சார். எட்டு நாள் ஒக்காந்து செதுக்கினது. அந்த ஒதட்டுச் சிரிப்புக்கு மட்டும் ரெண்டு நாள். இருவது வருசமா எவ்வளவோ செஞ்சிருக்கேன், இப்படி ஒண்ணு அமைஞ்சதில்ல. கால் இல்லாட்டியும் அது என் ராஜாதான். போர்டைக் கழட்டாதீங்க."

ஆபீசர் மறுபடி குனிந்து அந்த முகத்தைப் பார்த்தார்.

அப்போது கண்காட்சி பார்க்க வந்த கூட்டத்திலிருந்து, எகிப்தில் வேலைபார்க்கும் மகனிடம் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்த மீரா பீவி, இன்னொரு பெஞ்சின்மேல் நின்றபடி சத்தமாகச் சொன்னார்:

"போர்டு இருக்கட்டும் சார், மெம்பிஸ்ல நான் நேர்ல பாத்துட்டு வந்தவ சொல்லுதேன், அங்கனயும் இந்த ராஜாவுக்கு முழங்காலுக்குக் கீழ கிடையாது, மல்லாக்கத்தான் கெடக்காரு, நாமதான் மேல ஏறி நின்னு குனிஞ்சு பாக்கணும்!"