ஷெல் வீட்டுப் பெட்டையளுக்கு நான் பார்த்த மாப்பிள்ளை

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளைப் பெற்று வளர்த்தேன்; ஐந்தும் பெண். இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன். என் மாமியார் உயிரோடு இருந்த வரைக்கும் இதை ஒரு வருத்தத்தின் பெயரைப் போலத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "உன்ர கை எதில பட்டாலும் பெட்டையாத்தான் வரும்" என்பார். வீட்டு ஆடு குட்டி போட்டாலும், குட்டியின் வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார். (ஆட்டில் பெட்டைக்குட்டி என்றால் லாபம்தானே மாமி என்று கேட்க அப்போது வாய் வரவில்லை. இப்போது வருகிறது. கேட்க அவர்தான் இல்லை.)

அந்த ஐந்து பேருக்கும் மாப்பிள்ளை பார்த்தது நான்தான். தரகர் வைத்ததில்லை. ஒருத்தியையும் கலங்கவிட்டதில்லை. என் கண்ணில் கலியாணமாகாத ஒரு குமர் பட்டால், அவளுக்கு ஒரு வழி பண்ணாமல் எனக்குச் சோறு இறங்காது. இந்தக் குணம்தான் வயது போன காலத்தில் என்னைப் பொலிஸ் வாசல் வரைக்கும் கூட்டிப்போகப் பார்த்தது.

பள்ளிக்கூடம் அதிகம் போனவள் இல்லை நான். கையெழுத்து வைப்பேன், கோயில் பலகையை எழுத்துக்கூட்டுவேன், அவ்வளவுதான். ஆகையால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி ஆரணி தட்டுகிறாள். (சிரிக்காமல் தட்டு, பிள்ளை.)

நோர்வேயில், ரொம்சோஸ் மாடிக் குடியிருப்பில், என் வீட்டுக் கதவுக்கு நேரெதிர்க் கதவு ஒரு நோர்வேக்காரனுடையது. பஸ் ஓட்டி ஓட்டி இடுப்பு பழுதாகி, வேலையை விட்டு வீட்டில் இருப்பவன். தனி ஆள். பெயர் ஷெல். (ஊரில் வந்து விழுந்த ஷெல் குண்டுக்குப் பயந்து இத்தனை தூரம் ஓடி வந்தவளுக்கு, எதிர்வீட்டிலேயே ஒரு ஷெல்! முதல்நாள் அவன் கையை நீட்டிப் பெயரைச் சொன்னபோது நான் குனியாததுதான் குறை.) ஆனால் இந்த ஷெல் மிகவும் சாதுவான ஷெல். என்னை "அக்கா" என்பான். அதுதான் என் பெயர் என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

எங்கள் சிநேகிதம் செடியில் தொடங்கியது. கோடையில் நான் பல்கணியில் பாகல் போடுவேன். கண்ணாடி அடைத்த பல்கணி, தேனீ வராது. அதனால் காலையில் ஆரணியின் பழைய பெயின்ற் பிரஷை எடுத்து ஆண் பூவில் தொட்டுப் பெண் பூவில் தடவி விடுவேன். காய் பிடிக்கும். நான் மகள்வீட்டுக்குப் போய்விட்டால் ஷெல் வந்து தண்ணீர் ஊற்றுவான். பதிலுக்குக் குழம்பு கொடுப்பேன். கண்ணீர் வழிய வழியத் தின்றுவிட்டு "நல்லது" என்பான்.

ஒரு வருடம் குளிர் தொடங்குகிற நேரம் அவன் தன் வீட்டுக் கதவின் திறப்பை என் கையில் தந்தான். ஸ்பெயினுக்குப் போகிறானாம், இடுப்புக்கு வெயில் காட்ட. ஒரு கிழமை அவனுடைய செடிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"என்ன செடி?"

"மருந்துச் செடி, அக்கா. என் இடுப்பு நோவுக்கு."

"எங்கை நிக்குது?"

"அறைக்குள்ளே ஒரு கூடாரத்தில். நீ கூடாரத்தைத் திறக்க வேண்டாம். வெளியே இருக்கிற தொட்டியில் தண்ணீர் ஊற்றினால் போதும். தண்ணீர் மட்டும்."

இதை அவன் நொர்வேஜிய மொழியில் ஒரு முறையும், கையால் ஒரு முறையும் சொன்னான். எனக்கு இரண்டும் விளங்கியது. ஆனால் நீங்களே சொல்லுங்கள், படுக்கை அறைக்குள் ஒரு கூடாரம், அதற்குள் செடி, திறக்க வேண்டாம் என்றால் எந்த மனிதருக்குக் கை சும்மா இருக்கும்?

முதல்நாளே கூடாரத்தின் சிப்பை இழுத்துத் திறந்துவிட்டேன்.

உள்ளே ஒரே இருட்டு. அதற்கு ஒரு விளக்கு இருக்கிறது. பகலில் எரிந்து மாலையில் தானாக அணைந்துவிடும். நான் போனதோ மைம்மல் பொழுதில். விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு வீடு இருண்டு கிடக்கலாமா? மூதேவி அல்லவா வந்து குந்துவாள்? அறை லைற்றைப் போட்டேன். வாளி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, அதுகளோடு கொஞ்ச நேரம் கதைத்தேன். விரித்த கை மாதிரி இலை, கட்டுக்கட்டாகப் பூ, ஒரு மாதிரி மூக்கைத் துளைக்கிற வாசம். இப்படியே ஒவ்வொரு மாலையும் போனேன், லைற்றைப் போட்டேன், சிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு என் ஊர்ப் புதினம், உலகப் புதினம் எல்லாம் சொன்னேன்.

ஒரு கிழமை முடியப்போகும்போது ஷெல் தொலைபேசி எடுத்தான். இடுப்பு பிடித்துவிட்டதாம், அந்த ஊர் டொக்டர் விமானத்தில் ஏறக்கூடாது என்கிறாராம். இன்னும் சில கிழமை ஆகுமாம்.

"தண்ணீர் மட்டும், அக்கா" என்றான்.

"ஓம் ஓம்" என்றேன்.

பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு யோசனை வந்தது. எல்லாச் செடியும் பூத்திருக்கிறது, ஒன்றிலாவது ஒரு விதை இல்லை. ஏன்? பூவை விரலால் பிரித்துப் பார்த்தேன். வெள்ளை நூல் நூலாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. எனக்கு விளங்கிவிட்டது. பனையில் ஆண் வேறு, பெண் வேறு. பப்பாசியிலும் அப்படித்தான். இதுவும் அந்தச் சாதி. இங்கே நிற்பது முழுக்கப் பெண். ஒரு கூடாரம் நிறையக் குமர்கள், பேச்சுக்குக்கூட ஒரு ஆண் இல்லை. அந்த நூல்கள் என்னைப் பார்த்துக் கையேந்துவது போலவே இருந்தது. பாவம், தகப்பன் ஸ்பெயினில் வெயில் காய்கிறான், இதுகளின் கவலை அவனுக்கு எங்கே?

என் வீட்டில் இரவு முழுக்க இதே யோசனை.

பிறகு ஒருநாள் அதிசயம். மூலையில் நின்ற ஒருத்தியின் பூவுக்குள் வாழைக்குலை மாதிரி, மஞ்சளாக, குன்றிமணியைவிடச் சின்னதாக ஏதோ தொங்குகிறது. தட்டினேன். தூள் பறந்தது. மகரந்தம்! நேற்று வரைக்கும் பெண்ணாக நின்றவள் இன்றைக்கு ஆண் பூவும் பூத்திருக்கிறாள். எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. கடவுள் மாப்பிள்ளையை அனுப்பினால் சாதகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பதா?

வெள்ளிக்கிழமையாகப் பார்த்து, ராகுகாலம் கழித்து, முழுகி, சேலை மாற்றி, பிரஷோடு போனேன். ஒவ்வொரு சட்டிக்கும் ஒரு குங்குமப் பொட்டு. பிறகு ஒருத்தியையும் விடாமல், ஒரு பூவையும் விடாமல், மகரந்தத்தைத் தொட்டுத் தடவினேன். மாப்பிள்ளை ஒன்று, மணப்பெண் பல. (அந்த நேரத்தில் சட்டம் பார்க்கவில்லை.)

சில கிழமையில் பூவெல்லாம் உள்ளே திரண்டு பருத்துவிட்டது. எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

அந்த நேரத்தில்தான் கதவு மணி அடித்தது. வாசலில் என் மூன்றாவது மகள் வதனி, அவளுக்குப் பின்னால் ஏணியோடு சிவத்த தாடிக்காரன் ஒருவன். வதனி கீழ்மாடியில் இருப்பவள், எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் உறுப்பினர். எங்கள் ஆட்களில் அந்தக் குழுவுக்கு முதலில் தெரிவானது அவள்தான். நான் கோயிலில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தேன்.

"அம்மா, ஷெல்லின்ர திறப்பு உங்களிட்டைத்தானே? ஒவ்வொரு வீட்டிலயும் நெருப்பு மணி சோதிக்க வேணும். ஆள் வந்து நிக்குது."

"வா வா. நல்ல நாளிலதான் வந்திருக்கிறாய்."

கதவைத் திறந்ததும் வதனி மூக்கைச் சுளித்தாள்.

"என்னம்மா இது, இப்பிடி மணக்குது?"

"முழுகாமல் இருக்கிறாளவை, வயித்தில பிள்ளை. அப்பிடித்தான் மணக்கும்."

"ஆர் முழுகாமல் இருக்கிறது?"

"வந்து பாரன்!"

கலியாண வீட்டில் திரைச்சீலையை விலக்குகிற மாதிரி சிப்பை மேலிருந்து கீழே இழுத்தேன். வதனியின் முகம் வெளிறிப்போயிற்று. தாடிக்காரன் செடிகளைப் பார்த்தான், குங்குமப் பொட்டுகளைப் பார்த்தான், சேலையில் நிற்கிற என்னைப் பார்த்தான். "இது என்ன?" என்று என்னைத்தான் கேட்டான். எனக்குத் தெரிந்த நொர்வேஜியத்தில் பெருமையாகச் சொன்னேன்:

"குடும்பம். எல்லாம் பெண் பிள்ளைகள்."

பிறகு அவன் மெதுவாக ஏணியை விரித்து ஏறி, மணியை அமத்தினான். கீச்சென்று கத்தியது. இறங்கினான்.

"மணி வேலை செய்கிறது" என்று வதனியிடம் சொன்னான். "என் வேலை கூரையைப் பார்ப்பது. நான் கூரையைத்தான் பார்த்தேன்." வாசலில் நின்று இன்னும் ஒன்று சொன்னான்: "அடுத்த கிழமை மின்சாரக்காரன் வருவான். அவன் சுவரையும் பார்ப்பான்."

அவன் போனதும் வதனி கதவைச் சாத்தினாள்.

"அம்மா, உங்களுக்கு விசரே? இது என்ன எண்டு தெரியுமோ?"

"இடுப்பு நோவுக்கு மருந்து."

"கஞ்சா அம்மா! கஞ்சா!"

கவிழ்த்த வாளியில் உட்கார்ந்துவிட்டேன். பெயர் கேள்விப்பட்டிருக்கிறேன்; ஆளை நேரில் கண்டதில்லை. ஒரு சண்டியனின் கெட்ட பெயரை ஊர் முழுக்கக் கேட்டு வளர்ந்துவிட்டு, கடைசியில் அவனையே யாரென்று தெரியாமல் வீட்டுக்குக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

"பொலிஸ் வந்தா ஷெல்லின்ர வீடு போயிடும்" என்றாள் வதனி. "குழுவில இருந்துகொண்டு நான் மறைச்சன் எண்டா என்ர பேர் போயிடும். சட்டி முழுக்க உங்கட விரல் அடையாளம்."

"குங்குமமும் என்ரதுதான்" என்றேன், உண்மையை ஒளிக்கக் கூடாது என்று.

"அம்மா!"

"கத்தாதை. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

"இப்பவே எல்லாத்தையும் வெட்டுங்கோ."

"வயித்தில பிள்ளையோட நிக்கிறதுகளையோ? என்னால ஏலாது. கலியாணம் கட்டி வைச்சதும் நான், கழுத்தை வெட்டுறதும் நானோ?"

வதனி ஷெல்லுக்குத் தொலைபேசி எடுத்தாள். அவள் அவனிடம் பேசிய நொர்வேஜியத்தில் எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் அவளைப் பெற்றவளுக்கே பயமாக இருந்தது.

மின்சாரக்காரன் வருவதற்கு முன், வலி மாத்திரையை விழுங்கிக்கொண்டு, இடுப்பில் பட்டி கட்டிக்கொண்டு ஷெல் வந்து சேர்ந்தான். கூடாரத்தைத் திறந்து ஒரு பூவைக் கிள்ளிப் பிரித்தான். அவன் உள்ளங்கையில் விதை உருண்டு விழுந்தது. இன்னொன்றைப் பிரித்தான். அதிலும்.

"அக்கா, நீ என்ன செய்தாய்?"

நான் பிரஷைக் காட்டினேன்.

தானே ஓட்ட வேண்டிய கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவன் போல அவன் வாளியில் குந்தினான். விதை பிடித்தால் அவன் நினைத்த காரியத்துக்கு அது உதவாதாம். குளிர்காலம் முழுவதற்கும் வைத்திருந்த மருந்து போயிற்று. உதவி செய்கிறேன் என்று ஒரு மனிதனின் நோவை இரட்டிப்பாக்கிவிட்டேனே.

பிறகு அவன் குங்குமப் பொட்டைக் கண்டான். தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறான் என்று நினைத்தேன். சிரிக்கிறான்! சிரித்தால் இடுப்பு வலிக்கிறது, வலித்தால் ஐயோ என்கிறான், ஐயோ என்றதும் மறுபடி சிரிக்கிறான்.

"லைற் போட்டாயா, அக்கா?"

"விளக்கு வைக்கிற நேரம் போடாமல்?"

இருட்டு நேரத்தில் லைற் பட்டு நித்திரை குழம்பினால் இந்தச் செடி அந்தரப்பட்டுத் தவிக்குமாம். அந்தரத்தில் ஒருத்தி ஆண் பூவும் பூப்பாளாம். அதுதான் என் மாப்பிள்ளை. அடுத்து அவன் சொன்னதை வதனி எனக்குத் தமிழாக்கினாள்.

"அம்மா, வழமையா விதையில பாதி ஆண், பாதி பெண்ணாம். இதில தகப்பனும் பெண்தானே? அதால இந்த விதை முளைச்சா…" சொல்ல முடியாமல் வாயைப் பொத்தினாள். "எல்லாம் பெட்டையாம் அம்மா! இதிலயுமோ!"

அந்தக் கூடாரத்துக்கு முன்னால், போகப்போகிற வீட்டையும் பெயரையும் மறந்து, இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு ஒன்று அறிய வேண்டியிருந்தது.

"கேள் அவனை. ஆண் வந்தா என்ன செய்வினமாம்?"

வதனி கேட்டாள். "பிடுங்கி எறிவினமாம்."

"பெண் வந்தா?"

"பெண்தான் வேணுமாம். பெட்டையாவே வாற விதைக்குச் சனம் தவம் கிடக்குதாம். வீட்டில சும்மா செய்ய வராதாம். நீங்கள் ஒரு பிரஷால செய்துபோட்டியள் எண்டு சொல்லுறார்."

நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன்.

அன்றைக்கே ஷெல் எல்லாவற்றையும் வெட்டினான். நான் என் வீட்டுக்குள் காதைப் பொத்திக்கொண்டிருந்தேன். ஒரு விதையும் முளைக்கக்கூடாது என்று வதனி பக்கத்திலேயே நின்று, அவ்வளவையும் பெரிய சட்டியில் அவிக்க வைத்தாள். அவிந்ததைக் கீழே மரத்தடியில் கொட்டியதும் ரொம்சோஸ் குருவியெல்லாம் வந்து தின்றது. மின்சாரக்காரன் வந்தபோது அந்த அறையில் ஒரு கட்டிலும் ஊதுபத்தி வாசமும்தான். (ஊதுபத்தி என் பங்கு.) வதனி இன்றைக்கும் குழுவில் இருக்கிறாள். ஷெல் இன்றைக்கும் எதிர்வீட்டில் இருக்கிறான். நோவுக்கு ஒழுங்காக டொக்டரிடம் போகிறான், இடையில் நான் ஓமம் வறுத்து ஒத்தணம் கொடுக்கிறேன். வெளியூர் போனால் திறப்பையும் என்னிடம்தான் தருகிறான். வீட்டில் இப்போது நிற்பது ஒரே ஒரு செடி, பிளாஸ்டிக். "தண்ணீர்கூட வேண்டாம், அக்கா" என்கிறான்.

என் பிள்ளைகள்தான் விடுகிறார்கள் இல்லை. குடும்பத்தில் யாராவது முழுகாமல் இருந்தால், "அம்மம்மாவை வயிற்றைத் தொட விடாதையுங்கோ, பெட்டைதான் வரும்" என்று இரண்டு தலைமுறையும் சேர்ந்து சிரிக்கும். போன மாதம் ஆரணியின் அக்கா என் கையைப் பிடித்துத் தானாகவே தன் வயிற்றில் வைத்தாள். தனக்குப் பெட்டைதான் வேண்டுமாம்.

சரி பிள்ளை, போதும். இப்ப நீ தட்டினதை எனக்கு வாசிச்சுக் காட்டு. முழுக்க வேண்டாம். ஆண் வந்தா என்ன செய்வினமாம் எண்டு நான் கேட்டனே, அந்த இடத்தை மட்டும். கொஞ்சம் சத்தமாய் வாசி. மேலை போன என்ர மாமிக்கும் கேக்க வேணும்.