செத்தவர் சிபாரிசு செய்த புத்தகம்

நூலகத்துக்குக் கூட்டம் வந்தது. இதைவிடப் பெரிய அற்புதத்தை இனி எந்தச் சாமியாராலும் செய்துவிட முடியாது.

நாளிதழ் படிக்க நாலு பேர், மின்விசிறிக்குக் கீழே தூங்க இரண்டு பேர். இருபது வருஷமாக அந்த நூலகத்தின் வாசகர் படை அவ்வளவுதான். இப்போதோ தெருமுனை வரை வரிசை. வந்தவர்களில் ஒருவர்கூட உறுப்பினர் இல்லை என்பது வேறு விஷயம்.

காரணம், காலமாகிப்போன பெரிய நூலகர். மூன்று மாதத்துக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடினார். அதற்குப் பிறகு தினமும் காலை பதினோரு மணிக்கு மேல்தட்டிலிருந்து ஒரு புத்தகம் தொப்பென்று விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அச்சகம். பதினோரு மணிக்குத்தான் பெரிய எந்திரத்தை ஓட்டுவார்கள், சுவர் அதிரும். அவர் இருந்தபோதும் புத்தகம் விழத்தான் செய்தது. எடுத்து வைக்க அவர் இருந்தார், அதனால் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அச்சு எந்திரத்தைக் கும்பிட்டு என்ன பிரயோஜனம்? ஆவியென்றால் கும்பிடலாம்.

ஊருக்கு இந்த ஞானம் எங்கிருந்து வந்தது என்று நூலகரம்மாவுக்குத் தெரியும். பெரியவரின் உதவியாளராக இருந்து, இப்போது அவர் இடத்துக்கு வந்தவர் இந்த அம்மா. அதிகம் இரவல் போவது பேய்க்கதை அலமாரிதான். அந்தக் கதைகளில் வரும் நூலகர்கள் ஒன்று செத்தவர்களாக இருப்பார்கள், இல்லாவிட்டால் சாகப் போகிறவர்களாக இருப்பார்கள். சம்பளம் கேட்கிறவராக, ஒட்டடை அடிக்கிறவராக ஒருத்தரும் இருக்க மாட்டார்.

இப்படிப் பதமாக வெந்திருந்த ஊருக்குள் வந்து இறங்கினார் ஏட்டுச்சாமி. பெரியவரின் ஆவி தம்மோடு பேசுகிறது என்றார். ஊர்த் தலைவருக்கு, "உன் ஆட்சி நீடிக்கும்" என்று ஆவி சொன்னதாம். தலைவர் உடனே படிப்பறையைச் சாமிக்குத் திறந்துவிட்டார். திரும்பி வரும் புத்தகங்களைப் போடுகிற பெட்டி காணிக்கைப் பெட்டியாயிற்று. அந்த நூலகத்தில் அந்தப் பெட்டி நிரம்பியதே அப்போதுதான்.

சாமியின் வித்தை இரண்டு. எந்தப் புத்தகத்தின் பெயரைச் சொன்னாலும் கண்ணைத் திறக்காமல் எந்த அலமாரி, எந்தத் தட்டு, எத்தனை பக்கம் என்று சொல்லிவிடுவார். பின்னால் உட்கார்ந்திருக்கும் சீடர் ஒரு தடித்த ஏட்டைப் புரட்டி மந்திரம் முணுமுணுப்பார். கூட்டம் வாயைப் பிளக்கும். பிளந்த வாய் மூடுவதற்குள் இரண்டாவது வித்தை. சாமி வேறொரு புத்தகத்தின் பெயரைச் சொல்வார், சீடர் எடுத்து வருவார், உள்ளே ஒரு வரிக்குச் சிவப்புக் கோடு போட்டிருக்கும். அதுதான் வந்தவருக்கு ஆவி தந்த பதில்.

"மூலை மடிச்சாலே அபராதம் போட்ட மனுஷன். செத்த பிறகா சிவப்புப் பேனா வாங்கினாரு?" என்று கேட்டுப் பார்த்தார் நூலகரம்மா. யாரும் சட்டை செய்யவில்லை.

அவரும் சிரித்துவிட்டுப் போயிருப்பார். ஆனால் வரிசையில் நின்றவர்களில் ஒருத்தி அவருடைய அக்கா.

அக்காவுக்கு மார்பில் கட்டி. வியாழக்கிழமை அறுவை சிகிச்சை, தள்ளிப் போட்டால் பரவிவிடும் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். ஆவி கொடுத்த வரியோ, 'கத்தி பட்ட பழம் சீக்கிரம் அழுகும்.' பழக்கூழ் செய்வது எப்படி என்ற புத்தகத்தில் பதினெட்டாம் பக்கம்.

"அக்கா, அடுத்த வரியைப் படிச்சியா? 'அழுகல் கண்ட இடத்தை உடனே வெட்டி எடுத்தால் மிச்சம் தப்பும்'னு போட்டிருக்கு."

"அதுக்குக் கோடு போடலையேடி."

"கோடு போட்டது நம்ம நூலகர் சார் இல்லக்கா."

"எனக்குக் கல்யாணம் தள்ளிப் போனப்ப ஊரே ஒரு மாதிரி பாத்துச்சு. சார் மட்டும்தான், 'இதைப் படிம்மா, மனசு லேசாகும்'னு எடுத்துக் குடுப்பாரு. அவரு எனக்குக் கெட்டது சொல்லுவாரா?"

இந்த அன்பைப் போய்த் திருடியிருக்கிறானே என்று நூலகரம்மா கொதித்தார். காணிக்கைப் பெட்டியை அள்ளிக்கொண்டு போயிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது.

அன்று திங்கட்கிழமை. கார்டுப் பெட்டிக்கு முன்னால் சீடர் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு கார்டு உண்டு. பெயர், பக்கம், அலமாரி எண், தட்டு எண் எல்லாம் அதில் இருக்கும். யாரும் உருவிவிடாதபடி கார்டுகளின் அடியில் துளையிட்டு ஒரு கம்பி கோத்திருப்பார்கள். சீடர் பத்து நாளாக அவற்றை ஏட்டில் நகலெடுத்துக்கொண்டிருந்தார். ஆராய்ச்சியாம். ஆராய்ச்சியாளரின் கட்டைவிரலில் சிவப்பு மை.

அவர் சாப்பிடப் போன நேரத்தில் நூலகரம்மா ஒரு புதுக் கார்டு எழுதினார். முன்பக்கம் ஏழு வரி, பின்பக்கம் இரண்டு வரி. பிறகு அஞ்சலகத்துக்கு நடந்தார். போஸ்ட்மாஸ்டர் சாமியின் பரம பக்தர்.

"பின்னாடி ஒரு தேதி முத்திரை போட்டுக் குடுங்க சார்."

"எதுக்கும்மா?"

"புதன்கிழமை சாமிகிட்ட வருவீங்கல்ல, அப்ப தெரியும்."

சாமி பெயரைக் கேட்டதும், எழுதியிருந்ததைப் படிக்காமலே ஓங்கி முத்திரை குத்தினார். சீடர் இன்னும் நகலெடுக்காத கார்டுகளுக்கு நடுவே அந்தக் கார்டு கம்பியில் ஏறிக்கொண்டது. முன்பக்கத்தை மட்டும் நகலெடுக்கிறவர் பின்பக்கம் பார்க்க மாட்டார்.

புதன்கிழமை காலை அறை நிரம்பி வழிந்தது. நூலகரம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றார்.

"சாமி, ஒரே ஒரு புத்தகம் கேக்குறேன். சரியா சொல்லிட்டீங்கன்னா நானே உங்க கால்ல விழறேன். அக்காவை ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போகல."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "எல்லார் முன்னாடியும் சொல்ற. அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன். புத்தகம் பேரு, 'அலமாரிக்குப் பின்னால் ஒரு மூச்சு'."

சீடர் ஏட்டைப் புரட்டினார். மந்திரம் முணுமுணுத்தார். சாமியின் முகத்தில் ஒளி வீசியது.

"ஆறாவது அலமாரி. மூணாவது தட்டு. முந்நூத்திப் பன்னெண்டு பக்கம்."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நூலகரம்மாவும் பயபக்தியோடு கேட்டார்.

"சார் அதைப் படிச்சிருக்காருங்களா?"

"மூணு தரம்! கடைசி அத்தியாயத்துல கண் கலங்கிட்டாராம். இப்பவும் உன் பக்கத்துல நின்னுக்கிட்டு, 'அற்புதமான புத்தகம்'ங்கறார்."

"அட்டை என்ன நிறம்னு சொல்றாருங்களா?"

"கறுப்பு. ஓரம் கொஞ்சம் கிழிஞ்சிருக்கு."

சீடர் எடுக்கப் போனார். போனவர் உடனே வரவில்லை. ஆறாவது அலமாரியை மூன்று முறை தடவிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். சாமி அசரவில்லை. "ஆவி மறைச்சு வச்சிருக்கு. சோதிக்கிறவங்களுக்குக் கிடைக்காது."

"மறைக்கட்டும் சாமி. கார்டை மறைக்கலையே."

நூலகரம்மா கார்டுப் பெட்டியைத் தூக்கி வந்து மேசையில் வைத்தார். கம்பியை உருவினார். ஒரு கார்டை எடுத்து அக்காவிடம் நீட்டினார். "பின்பக்கம் படிக்கா. சத்தமா."

அக்கா படித்தாள். "இப்படி ஒரு புத்தகம் உலகத்திலேயே கிடையாது. இந்தக் கார்டு நான் திங்கட்கிழமை இட்டுக்கட்டி எழுதியது." அவள் குரல் இறங்கியது. "கீழே திங்கட்கிழமை தேதியோட போஸ்டாபீஸ் முத்திரை."

எல்லோரும் போஸ்ட்மாஸ்டரைப் பார்த்தார்கள். அவர் கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முத்திரை என்னுதுதான்" என்றார், பல்லைப் பிடுங்கக் கொடுத்தவர் மாதிரி.

யாரோ சீடரின் ஏட்டைப் பிடுங்கி விரித்தார்கள். மந்திரம் என்று ஓர் எழுத்துகூட இல்லை. பக்கம் பக்கமாகப் புத்தகப் பட்டியல். நடுவில் மூடி கழன்ற ஒரு சிவப்புப் பேனா.

அக்கா ஏட்டுச்சாமியின் முன்னால் போய் நின்றாள். "இல்லாத புத்தகத்தை மூணு தரம் படிச்சு அழுதாருன்னு சொல்றியே, சாருக்கு நான் என்ன பதில் சொல்ல? நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போகாம செத்திருந்தா, அதுக்கும் அவரு பேரைத்தானே சொல்லியிருப்ப?"

பின்வாசல் எங்கே இருக்கிறது என்பதைச் சாமி எந்த ஆவியும் சொல்லாமலே கண்டுபிடித்தார். சீடர் காணிக்கைப் பெட்டியைத் தூக்கப் பார்த்தார். போஸ்ட்மாஸ்டர் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"எத்தனை மணிக்குடி போகணும்?" என்றாள் அக்கா.

"காலைல ஏழு மணிக்கு."

"கூடவே இருப்பல்ல?"

"வேற எங்க போவேன்?"

இருவரும் வாசலுக்கு வந்தார்கள். வரிசையில் முன்னால் நின்ற ஓர் அம்மாள் நூலகரம்மாவைப் பார்த்துக் கண்களை அகல விரித்தாள். சட்டென்று இரு கைகளையும் கூப்பினாள்.

"இப்பத்தான் புரியுது தாயி! அந்தக் கார்டை எழுதச் சொல்லி சாரோட ஆவிதானே உங்க காதுல சொல்லிச்சு? எனக்கும் ஒரு வாக்கு கேட்டுச் சொல்லுங்க!"

பின்னால் நின்ற நாலைந்து பேரும் கை கூப்பினார்கள். நூலகரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"செத்தவரை நிம்மதியா விடுங்கம்மா. மூளையை உபயோகிக்கிற வேலை உயிரோட இருக்கறவங்களுக்குத்தான்."