சுவருக்கு வந்த மானியம்

புஷ்தாவுக்குக் கழுத்து திரும்பவில்லை. தோல் பதனிடும் தொட்டிகளிலிருந்து ஈரத்தோலைத் தலையில் சுமந்து ஃபெஸ் நகரத்துச் சந்துகளில் ஏறி இறங்கிய கழுத்து. திங்கட்கிழமை மாலை வீட்டுக்குள் நுழைந்தவனால் எதையும் உடம்போடு சேர்த்துத் திரும்பித்தான் பார்க்க முடிந்தது. அப்படித் திரும்பியபோது படுக்கையறைப் பின்சுவரில் விரிசலைக் காணோம்.

"எங்க போச்சு விரிசல்?"

"சுண்ணாம்பு அடிச்சுட்டேன்," என்றாள் மனைவி தாமு. "வியாழக்கிழமை அதிகாரி வர்றாரு. வீட்டுக்கு வர்ற மனுசனுக்கு விரிசலையா காட்டுவாங்க?"

அந்த விரிசலைப் பார்க்கத்தான் அவர் வருகிறார். பழைய வீடுகளைக் காப்பாற்ற அரசாங்கம் மானியம் தருகிறது. கிடைத்தால் சுவர் நிற்கும். கிடைக்காவிட்டால் வருகிற மழையில் அவர்கள் மேலேயே வந்து படுக்கும். வேறு வீடு பார்க்கச் சுமைகூலியில் வழியில்லை.

பின்வீட்டு ருக்கியா மொட்டைமாடியில் துணி உலர்த்தியபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். போன வருடம் இதே மானியத்துக்கு மனுப் போட்டு, சேதம் போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டவள். அனுபவசாலி. சுரண்டிவிடச் சொல்லித் தன் கடப்பாரையையும் கயிற்றில் கட்டி இறக்கினாள்.

சுரண்டினான். சுண்ணாம்போடு பூச்சும் சேர்ந்து வந்தது. உள்ளே சிமெண்ட். அவன் அப்பா எப்போதோ அடைத்தது. சிமெண்ட் கண்ட சுவருக்கு மானியம் கிடையாது என்று அரசாங்கத் தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

செவ்வாய் மாலை சிமெண்டைப் பெயர்த்தான். அது தனியாக வர மறுத்து, நாலு செங்கல்லையும் கூட்டிக்கொண்டு வந்தது. உத்தரம் நாலு விரற்கடை இறங்கியது. தாமு படுக்கையைச் சமையலறைக்கு மாற்றிவிட்டு, புருஷனோடு பேச்சை நிறுத்தினாள்.

புதன் மாலை உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்தான். ஆப்பு வைத்து ஓங்கி அடித்ததில் உத்தரம் ஏறியது, சுவர் இறங்கியது. ஆள் நுழைகிற ஓட்டை. அந்தப் பக்கம் ருக்கியாவின் சமையலறை. அவள் பதறவில்லை. புதினாத் தேநீரை ஓட்டை வழியே நீட்டி, சர்க்கரை போதுமா என்று கேட்டாள்.

"உன் வீட்டையும் சேத்து உடைச்சுட்டேனேக்கா."

"அதனால என்ன தம்பி. அந்த மூலைல இன்னும் கொஞ்சம் தட்டு. அதிகாரிக்குக் கண்ணு மங்கல்."

தட்டினான்.

வியாழக்கிழமை அதிகாரி ஸக்கூரி வந்தார். ஓட்டைக்குள் தலையை விட்டுப் பார்த்தார், அளந்தார், உச்சுக்கொட்டினார். இந்த வருடம் இப்படியொரு சேதத்தைத் தான் பார்க்கவில்லை, மானியம் உறுதி, கொத்தனார் அடுத்த வாரமே வருவார் என்றார். தாமு இரண்டு நாளைக்குப் பிறகு புருஷனைப் பார்த்துச் சிரித்தாள்.

கையெழுத்துப் போட புஷ்தா விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். அதிகாரி பையிலிருந்து பதிவேட்டு நகலை எடுத்துப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"நீங்க போட முடியாதே. பத்திரப்படி உங்க வீட்டுக்கு மூணு சுவர்தான். இது பின்வீட்டுச் சுவர். உங்க தாத்தா இதுல சாய்ச்சுக் கட்டியிருக்காரு. மானியம் அவங்களுக்குத்தான்."

புஷ்தா உடம்போடு திரும்பி ஓட்டையைப் பார்த்தான். அங்கே ருக்கியா பத்திரமும் பேனாவுமாகத் தயாராக நின்றிருந்தாள்.

"மூணு சாயங்காலம் இடிச்ச கூலி, தேத்தண்ணி போக, உனக்கு நான் பாக்கி தம்பி," என்றாள்.