நாற்பத்தேழாம் பக்கத்து வைத்தியர்

ஐயா, நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். என் குரலைப் பிடுங்கிக்கொண்டது நீங்கள். நீங்கள் எழுதிய விளையாட்டு விதிப்புத்தகத்தில் நாற்பத்தேழாம் பக்கம், கீழிருந்து மூன்றாவது வரி. அந்த ஒரு வரியால் என் சொந்த வீட்டில் என்னால் வாய்விட்டு ஒரு தடவை கத்த முடியவில்லை. கத்தாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. இதற்கு நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். பழைய ஆபீஸ் சாமான் வாங்கி விற்கிறவன். இரும்பு பீரோ, சுழல் நாற்காலி, மூடிப்போன கம்பெனிகளின் மேஜை. பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் படித்தேன். மீதிப் படிப்பெல்லாம் தெருவில். அங்கே பரீட்சை கிடையாது, நேரே அடிதான். பன்னிரண்டு வயதில் முதுகில் நாற்காலி சுமந்தவன் இன்று நூறு நாற்காலிக்கு முதலாளி என்றால், அதற்குப் போட்ட முதல் என் தொண்டை. நான் கடைக்குள் விலை சொன்னால், தெருமுனையில் சைக்கிளில் போகிறவன் இறங்கி நின்று, "கொஞ்சம் குறைச்சுக்குங்க" என்பான்.

வீட்டிலும் அதே தொண்டைதான். வீட்டுக்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ள வசதியில்லை. சொட்டுகிற குழாயைத் திட்டுவேன். காணாமல் போன துண்டைத் திட்டுவேன். தேடிய துண்டு என் தோளிலேயே இருந்தால், அங்கே அது என்ன செய்துகொண்டிருந்தது என்று திட்டுவேன்.

"கொஞ்சம் மெதுவாத்தான் பேசுங்களேன்" என்று என் மனைவி இருபத்திரண்டு வருஷமாகச் சொல்கிறாள்.

"மெதுவாத்தான் பேசறேன்" என்று நான் கத்துவேன். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

அவள் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறாள். பக்கம் அமைப்பது, பிழை திருத்துவது. ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தால் அவளுக்குத் தலைவலி வந்துவிடும். நான் பேசினாலும் வந்துவிடும்.

உங்கள் விளையாட்டு எங்கள் வீட்டுக்குள் நுழைந்து மூன்று மாதம் ஆகிறது. பெட்டிக்குள் ஒரு புத்தகம், கொஞ்சம் காகிதம், இருபது முகமுள்ள ஒரு பகடை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். என் மனைவி கதை சொல்லுவாள். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் போவார்கள். பகடை நல்லபடி விழுந்தால் பிழைப்பார்கள். இல்லாவிட்டால் செத்துப்போய், எழுந்து டீ குடிப்பார்கள்.

காலேஜ் படிக்கிற என் மகள் மந்திரவாதி. லிஃப்ட் மெக்கானிக்கான என் மைத்துனன் திருடன். என் டிரில்லிங் மெஷினை இரவல் வாங்கிப் போய் மூன்று வருஷம் ஆகிறது, அவனுக்கு அந்த வேடம் பொருத்தம்தான். எதிர்வீட்டுப் பல் டாக்டரம்மா போர்வீரன்.

"ஏன் டாக்டரம்மா, நீங்க வைத்தியரா வரக் கூடாதா?" என்று கேட்டேன்.

"வாரத்துல ஆறு நாள் பல்லைக் காப்பாத்தறேன் சார். ஏழாவது நாளாவது நாலு பல்லை உடைக்கணும்" என்றார்.

பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது. ஒரு குகை. அதற்குள் ஒரு கல் பூதம். மூன்று ஞாயிறு தொடர்ந்து மூன்று பேரும் அந்தப் பூதத்திடம் அடிவாங்கிச் செத்தார்கள். காயம்பட்டவருக்கு மருந்து போட ஆளில்லை. மூன்றாவது தடவை செத்தபோது என் மகளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"ஒரு வைத்தியர் மட்டும் இருந்திருந்தா பிழைச்சிருப்போம்மா."

நான் அப்போது ஹாலில் ஃபோனில் ஒரு பீரோவுக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். ஃபோனை வைத்துவிட்டு மேஜைக்கு வந்தேன். என் மகளை ஒரு கல் அழ வைப்பதா?

"நகருங்க. நான் வரேன். எந்தப் பூதமா இருந்தாலும் என்கிட்ட பேசட்டும்."

என் மனைவி புத்தகத்தைப் பட்டென்று மூடினாள். அவள் மூடிய வேகத்தைப் பார்த்ததும் என் வியாபாரக் கண் திறந்துகொண்டது.

"வாங்களேன், நல்லதுதான்" என்றாள். "உங்களுக்குக் குதிரைக்காரன் வேஷம் தரேன். எல்லார் மூட்டையையும் நீங்க பார்த்துக்கலாம்."

"மூட்டை தூக்கவா நான் இவ்வளவு தூரம் முன்னுக்கு வந்தேன்? வைத்தியர் காலியாத்தானே இருக்கு?"

"அது உங்களுக்கு வேணாம்ங்க."

"ஏன் வேணாம்?"

"அது வேற ஒருத்தருக்குப் பாதி பேசியாச்சு. கீழ்வீட்டு மேனேஜர் சார் கேட்டிருக்கார்."

கீழ்வீட்டு ரிட்டயர்டு மேனேஜர். என் குரலால் தன் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது என்று குடியிருப்போர் சங்கத்தில் மனு கொடுத்தவர். அவருக்கா?

ஐயா, தெருவில் நான் படித்த முதல் பாடம் இது. கிழிந்த நாற்காலியைத்தான் முன்னால் தள்ளுவான். துணிபோட்டு மூடியிருப்பதுதான் தேக்கு. இவள் குதிரைக்காரனை முன்னால் தள்ளுகிறாள். வைத்தியரை மூடுகிறாள்.

"அப்படி என்ன பெரிய வேஷம் அது?" என்று அலட்சியமாகக் கேட்டேன். பிடித்த சரக்கைப் பார்க்கவே கூடாது. அதனால் கூரையைப் பார்த்தேன்.

"பெரிசா ஒண்ணுமில்ல. எல்லார் உயிரும் வைத்தியர் கையில. அவர் வராம குகைக் கதவே திறக்காது..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நாக்கைக் கடித்ததைப் பார்த்துவிட்டேன். பழம் நழுவி என் பாலில் விழுந்துவிட்டது.

"வைத்தியர் எனக்கு. பேச்சு முடிஞ்சுது."

"ஐயோ, வேணாம்ங்க. அதுக்கு ஒரு நிபந்தனை இருக்கு. நாற்பத்தேழாம் பக்கம், நீங்களே படிங்க."

"நீயே படி." விலைச்சீட்டைப் படிக்கிறவன் வியாபாரியே இல்லை, சரக்கைப் பார்க்கிறவன்தான் வியாபாரி.

அவள் தயங்கித் தயங்கிப் படித்தாள். "வைத்தியர் சாந்த விரதம் பூண்டவர். அவர் குரல் உயர்த்தினால், அவரிடம் இருக்கும் மருந்துக் குப்பிகளில் ஒன்று உடையும்."

மைத்துனன் சிரித்தான். "மாமா, இது வைத்தியர் வேஷம் இல்ல, உங்களுக்குப் பைத்தியம் பிடிக்கிற வேஷம். மேனேஜருக்கே விட்டுடுங்க."

"நீ முதல்ல என் மெஷினைக் கொண்டா, அப்புறம் புத்தி சொல்லு. ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம்தானே? மூணு மணி நேரம் என்னால மூச்சையே பிடிக்க முடியும். எத்தனை குப்பி?"

"மூணு" என்றாள் மனைவி.

"மூணா? மூணு குப்பியை வெச்சுக்கிட்டுத் தலைவலிக்குக்கூட வைத்தியம் பார்க்க முடியாது. பத்து குடு."

"நாலு."

"ஒரு நாளைக்கு ஒண்ணு, வாரத்துக்கு ஏழு. அதுக்குக் கீழ ஒரு சொட்டு இறங்க மாட்டேன்."

"அதெப்படிங்க? ஒரு நாளைக்கு ஒண்ணுன்னா, வைத்தியர் வாரம் பூரா வைத்தியராவே இருக்கணும். அது உங்களால முடியவே முடியாது."

"முடியாதா? யாரைப் பார்த்து முடியாதுங்கற? ஏழு நாளும் நான் வைத்தியர்தான். எழுது."

அவள் முகம் தொங்கிப் போயிற்று. ஒரு தாளை எடுத்து எழுதினாள். நான் கையெழுத்துப் போட்டேன். டாக்டரம்மா சாட்சி. மூன்றை ஏழாக்கிய வெற்றியில் அன்று மாலை இரண்டு டீ குடித்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் குழாய் சொட்டியது.

"எவன்டா இந்தக் குழாயை..."

டங் என்று ஒரு சத்தம். என் மகள் கரண்டியால் டம்ளரைத் தட்டிவிட்டு நின்றாள்.

"ஒரு குப்பி உடைஞ்சுதுப்பா."

"இன்னிக்குத் திங்கட்கிழமை."

"ஏழு நாளும் நான் வைத்தியர்தான்னு நீங்களே சொன்னீங்க. அதோ கையெழுத்து."

பிரிட்ஜ் கதவில் ஒரு தாள். அதில் ஏழு குப்பி படம். ஒன்றின் மேல் சிவப்புக் கோடு.

"இது அநியாயம்" என்றேன், என் வழக்கமான குரலில்.

டங்.

புதன்கிழமை மத்தியானத்துக்குள் ஏழும் போய்விட்டது. ஏழாவது குப்பி துண்டால் உடைந்தது. தோளில்தான் இருந்தது. அந்த ஞாயிறு வெறுங்கையோடு குகைக்குள் போனோம். பூதத்துக்குக் கேட்கவா வேண்டும்? மூன்று பேரும் என் கண் முன்னால் செத்தார்கள். என் மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். டீகூடக் குடிக்கவில்லை. அன்று பூராவும் என்னோடு பேசவில்லை.

அது போதாதென்று மறுநாள் எனக்குக் கடைவாய்ப் பல்லுக்கு டாக்டரம்மா தேதி கொடுத்திருந்தார். சாய்வு நாற்காலியில் படுத்தேன். அந்த நாற்காலியே நான் விற்றதுதான். அவர் கையில் ஊசியை எடுத்துக்கொண்டு சிரித்தார்.

"நேத்து என் போர்வீரன் உங்க பக்கத்துலதான் விழுந்து கிடந்தான் சார். ஒரு குப்பி கேட்டான்."

"டாக்டரம்மா, அது வந்து..."

"வாயைத் திறங்க. மெதுவா."

அன்றிலிருந்து மாறினேன். ஐயா, நம்புங்கள். குழாய் சொட்டியது, கும்பிட்டேன். துண்டு காணவில்லை, துண்டில்லாமலே குளித்துவிட்டு ஈரத்தோடு நின்றேன். பழக்கம் விடுமா, கடையிலும் குரல் இறங்கிவிட்டது. நான் ரகசியம் போல விலை சொல்ல, வாங்க வந்தவர்கள் பயந்துபோய்ச் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். லாரி டிரைவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அண்ணே, வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்கல்ல?" என்று கேட்டார். கீழ்வீட்டு மேனேஜர் மாடிப்படியில் என்னைப் பார்த்ததும் வழியை விட்டு ஒதுங்கி நின்றார். நான் ஊரில் இல்லை என்று நினைத்திருக்கிறார்.

இரண்டாவது ஞாயிறு. ஏழு குப்பியும் முழுசாக இருந்தன. மந்திரவாதிக்கு மூன்று கொடுத்தேன். போர்வீரனுக்குப் பயந்து மூன்று கொடுத்தேன். திருடனுக்கு, டிரில்லிங் மெஷினைத் திருப்பித் தருவதாக வாக்குறுதி வாங்கிக்கொண்டு, ஒன்று கொடுத்தேன். பகடை உருண்டது. பூதம் விழுந்தது.

என் மகள் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "அப்பா, நீங்க இல்லேன்னா எல்லாரும் செத்திருப்போம்."

இருபது வருஷத்தில் அவள் என்னைக் கட்டிக்கொண்டது நிறைய உண்டு. காதைப் பொத்தாமல் கட்டிக்கொண்டது இதுதான் முதல் தடவை. தொண்டையை அடைத்தது. அடைத்தால் என்ன, அதற்கு இப்போது வேலையா இருக்கிறது?

"சரி, பூதம் போச்சு. ஆட்டம் முடிஞ்சுது. இனிமே நான் கத்தலாம்ல?" என்று மனைவியின் காதோரம் கேட்டேன்.

"முடியறதா? இது முதல் குகைதானேங்க."

"மொத்தம் எத்தனை?"

"நாப்பது" என்றாள். புது வாரத்துக்கு ஏழு குப்பி வரைந்து பிரிட்ஜில் ஒட்டினாள்.

இதுவரைக்கும் எழுதியது போன வாரம். இனி எழுதப்போவது இன்றைக்கு.

மேலே உள்ளதை எல்லாம் எழுதிவிட்டு, உங்கள் முகவரிக்காக அந்தப் புத்தகத்தைத் திறந்தேன். அப்படியே நாற்பத்தேழாம் பக்கத்துக்கும் போனேன், உங்களைத் திட்டுவதற்குக் கொஞ்சம் சூடு ஏற்றிக்கொள்ளலாம் என்று. தாளைத் தொட்டதும் விரல் நின்றுவிட்டது.

பழைய மேஜைக்குப் புது வார்னிஷ் அடித்தால் பத்தடி தூரத்தில் சொல்லுவேன். மாற்றிப் போட்ட நாற்காலிக் காலைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்லுவேன். நாற்பத்தாறாம் பக்கத்தின் தாள் மெலிசு, ஓரம் லேசாகப் பழுத்திருந்தது. நாற்பத்தேழு கொஞ்சம் தடிமன். பளிச்சென்ற வெள்ளை. புத்தகத்தின் நடு மடிப்பில் பசை இன்னும் ஒட்டியது. எழுத்து அதே எழுத்து, வரி அதே வரிசை, ஒரு காற்புள்ளிகூட இடம் மாறவில்லை. அச்சகத்தில் தெரிந்தவர் வேண்டும், இப்படி வேலை செய்ய.

குரல் உயர்த்தக் கூடாதென்று எழுதியது நீங்கள் இல்லை. மேனேஜரை மாடிப்படியில் பிடித்து விசாரித்தேன். விளையாட்டா, என்ன விளையாட்டு என்றார். மூன்று ஞாயிறு எல்லாரையும் அடித்துக் கொன்ற அந்தப் பூதத்துக்குப் பேசியதும், பகடை போட்டதும் யார்? நாக்கைக் கடித்தது யார்? முகத்தைத் தொங்கப் போட்டது யார்? வாரத்துக்கு ஏழு நாளும் வேண்டும் என்று மேஜையைத் தட்டிக் கேட்டு வாங்கியது மட்டும் நான்.

ஹாலுக்குப் போனேன். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் கத்தாத கத்தல் ஒன்று உள்ளே தயாராக இருந்தது. மேஜையில் என் மகள் இரண்டாவது குகைக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவள் கை கரண்டிக்குப் போகவில்லை. இந்த வாரம் நான் ஒன்றைக்கூட உடைக்க மாட்டேன் என்று நம்பிச் சிரித்தாள்.

"என்னங்க, ஏதோ சொல்ல வந்தீங்களே?" என்றாள் என் மனைவி.

"ஒண்ணுமில்ல. துண்டு எங்கன்னு கேக்க வந்தேன்."

"தோள்ல இருக்கு."

ஆகவே, ஐயா, உங்கள் மேல் நான் சொன்ன குற்றத்தை வாபஸ் வாங்கவில்லை. எழுதிய தாளைக் கிழிக்க எனக்கு மனசு வராது, சரக்கை வீணாக்கும் பழக்கமில்லை. கோரிக்கையை மட்டும் மாற்றிக்கொள்கிறேன். அச்சான விதிக்குத் தோற்றேன் என்றால் கடைத்தெருவில் நான் நிமிர்ந்து நடக்கலாம். சொந்த மனைவியிடம் பேரத்தில் தோற்றேன் என்றால் நாளைக்கு ஒரு முக்காலிகூட என்னிடம் யாரும் விலை கேட்க மாட்டார்கள். அதனால் அடுத்த பதிப்பில் அந்த வரியை நீங்களே நாற்பத்தேழாம் பக்கத்தில் போட்டுவிடுங்கள். தாமதிக்காமல் போடுங்கள்.

இந்தக் கடிதத்தில் நான் முப்பத்தாறு ஆச்சரியக்குறி போட்டிருந்தேன். பிழை திருத்துகிறேன் பேர்வழி என்று என் மனைவி அத்தனையையும் எடுத்துவிட்டாள். அதுவும் குரல் உயர்த்துவதாம். ஆகையால் கடைசிப் பத்தியை மட்டும், நான் கத்திக் கேட்பதாக நினைத்துக்கொண்டு, தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள்.