அசையாத துணை இயக்குநர்

யுன்கோ மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் எந்தக் காரியமும் விதிக்குப் புறம்பாக நடந்ததில்லை என்பதை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன். பதினெட்டு வருஷமாக இந்த அலுவலகத்தின் அறிக்கைகளை எழுதுகிறவள் நான்தான். நடந்ததையும் எழுதியிருக்கிறேன், நடக்காததையும் எழுதியிருக்கிறேன். நடக்காததற்குத்தான் பாராட்டு அதிகம் வந்தது.

எங்கள் ஊர்ப் பெண் கெங் யாலான் பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் உலகச் சாம்பியன் ஆனது எங்கள் அலுவலகத்துக்குத் தெரியாமலேயே நடந்துவிட்டது. வயது இருபத்து மூன்று. அம்மா சந்தையில் டோஃபு விற்கிறவர். பயிற்சி கொடுத்தவர் லூ என்கிற முசுடு. எங்களுக்கென்று ஒரு சுடுதளம் உண்டு. அதில் பாதி இடத்தில் உடைந்த நாற்காலிகளை அடுக்கியிருந்தோம், மீதிப் பாதியில் இந்தப் பெண் பத்து வருஷம் நின்றிருக்கிறாள். துப்பாக்கிக் குழாய் மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டு, அது விழாமல் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும் என்பது லூ வைத்த சட்டம்.

செய்தி வந்த அன்று எங்கள் இயக்குநர் டோங் என்னைக் கூப்பிட்டார்.

"நாமதான் வளர்த்தோம்னு எழுது, சியா."

"எப்ப வளர்த்தோம்னு எழுதறது, ஐயா?"

"தேதி போடாம எழுது."

எழுதினேன். அதற்குள் ஊருக்கே பித்துப் பிடித்துவிட்டது. துப்பாக்கிக் கட்டை உரசி உரசிப் புண்ணாகிப்போன வலது கன்னத்தில் யாலான் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள். தொலைக்காட்சியில் அதைப் பார்த்துவிட்டார்கள். ஒரே வாரத்தில் பள்ளிக்கூடப் பெண்கள், நூடுல்ஸ் கடைக்காரர், டோங்கின் மனைவி என்று அத்தனை பேர் வலது கன்னத்திலும் பிளாஸ்திரி. சிலர் இடது கன்னத்தில் ஒட்டியதால் மாவட்டப் பெருமை திசை மாறக்கூடும் என்று எங்கள் அலுவலகம் சுற்றறிக்கை விட்டது. நான்தான் எழுதினேன். மருந்துக் கடைகளில் பிளாஸ்திரி தீர்ந்துபோய், சவரத்தில் நிஜமாகவே கன்னத்தை வெட்டிக்கொண்ட ஒரு பெரியவர் பழந்துணியைக் கட்டிக்கொண்டு சந்தைக்கு வந்தார். அதுதான் அடுத்த மோஸ்தர் போலிருக்கிறது என்று அவரையும் நாலு பேர் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

பிறகு கூட்டம் வைத்தோம். அதன் பெயர், 'கெங் யாலான் தோழரின் அசையா உணர்வைக் கற்றல், ஆழமாகக் கற்றல், மேன்மேலும் ஆழமாகக் கற்றல்'. மூன்றரை மணி நேரம். மார்பில் பெரிய சிவப்புத் துணிப் பூவோடு யாலானை மேடையில் உட்கார வைத்தார்கள். டோங் எட்டு முறை கொட்டாவி விட்டார், நான் எண்ணினேன். தலைமை தாங்க வந்த துணை மேயர் பாதியில் கண் விழித்துப் பக்கத்தில் பார்த்தார்.

"இந்தப் பொண்ணு இவ்வளவு நேரமா இமைகூடக் கொட்டலியே. யாருய்யா இது?"

"இவங்களப் பத்தித்தான் கூட்டம், ஐயா" என்றார் டோங்.

"அப்படியா. முப்பது வருஷ சர்வீஸ்ல ஒருத்தர் இப்படி அசையாம உட்கார்ந்து நான் பார்த்ததில்ல. நிர்வாகத்துக்குன்னே பொறந்திருக்கா."

மெடல் வாங்கியவர்களுக்கு நாற்காலி கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நீச்சல்காரர் ஒருவர் குடிநீர் இலாகாவில் இருக்கிறார். பளுதூக்கி ஒருவரை ஆவண அறையில் போட்டிருக்கிறார்கள், கோப்புகள் கனம் என்பதால். பத்தே நாளில் யாலான் எங்கள் அலுவலகத்தின் துணை இயக்குநர் ஆனாள். பொறுப்பு: விளையாட்டுக் கருவிகளும் துப்பாக்கி அறையும்.

"எனக்கு வேணாம், ஐயா. ஏப்ரல்ல தேசிய அணித் தேர்வு இருக்கு. அதுல சுடலேன்னா அணியிலருந்து பேர எடுத்துடுவாங்க" என்றாள்.

"சுடும்மா. யாரு வேணாங்கறா?" என்றார் டோங். "பதவியில இருந்துகிட்டே சுடு."

அம்மாவின் டோஃபு கடையில் மாலை போட்டார்கள். அதுவரை எட்டிப் பார்க்காத சொந்தக்காரர்கள் முட்டைக் கூடையோடு வந்து வேலை கேட்டார்கள். தாயும் மகளும் என்ன செய்வார்கள் பாவம், முட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

மார்ச் மாதம் யாலான் துப்பாக்கி கேட்டு மனு எழுதிக்கொண்டு வந்தாள். எங்கள் ஊரில் துப்பாக்கி என்றால் விளையாட்டில்லை. ஏர் ரைஃபிளாகவே இருந்தாலும் அது பூட்டிய அறையில் இருக்கும். மனுதாரர் ஒருவர், ஒப்புதல் தருபவர் ஒருவர், இரண்டு கையெழுத்து இல்லாமல் வெளியே வராது. ஒப்புதல் தருபவர், துப்பாக்கி அறைக்குப் பொறுப்பான துணை இயக்குநர். முன்பு இருந்தவர் பார்க்காமலே போட்டுவிடுவார். இப்போது அது யாலான். தன் மனுவுக்குத் தானே ஒப்புதல் தருவது ஏழாவது விதிப்படி ஊழல்.

"அப்ப நீங்க போடுங்க, ஐயா" என்றாள் டோங்கிடம்.

"நான் எப்படிம்மா? அது உன் அதிகாரம். உன் அதிகாரத்துல நான் கை வெச்சா உனக்கு அவமானம் இல்லியா?"

"அப்ப இந்தப் பதவியே வேணாம். எடுத்துடுங்க."

"ராஜினாமாவப் பரிசீலிக்கத் தொண்ணூறு நாள் ஆகும்."

"தப்பு பண்ணினா ஒடனே எடுப்பீங்கள்ல?"

"என்ன தப்பு பண்ணுவ? வந்து மூணு மாசத்துல நீ ஒரு காகிதத்துலயும் கையெழுத்துப் போடல. தப்புக்கு எடம் எங்க இருக்கு? அவ்வளவு சுத்தமா இருக்கு உன் கோப்பு" என்று டோங் உண்மையான பெருமையோடு சொன்னார்.

அவளோடு வந்திருந்த லூ மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். மூடி போட்ட தேநீர்க் கோப்பைகள் எல்லாம் துள்ளின. "அந்த ரைஃபிள் அவ கையி மாதிரிய்யா. மூணு மாசமா கைய வெட்டிப் பூட்டி வெச்சிருக்கீங்க" என்றார். அந்த மனிதர் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை.

அப்போதுதான் டோங்குக்கு அந்த யோசனை வந்தது. வேறு யாராவது அந்தத் துப்பாக்கிக்கு மனுப் போட்டால் யாலான் தாராளமாக ஒப்புதல் தரலாம். மனுப் போடுகிறவர் பதிவு பெற்ற வீராங்கனையாக இருந்தால் போதும். யாலானை விட்டால் அலுவலகத்தில் இருக்கிற பெண் நான் ஒருத்திதான். வயது நாற்பத்தாறு, இடுப்பு வலி, கண்ணாடி இல்லாவிட்டால் சுவரும் தெரியாது. ஒரே மத்தியானத்தில் நான் ஏர் ரைஃபிள் வீராங்கனை ஆனேன். யாலான் என் மனுவுக்கு ஒப்புதல் தந்தாள். துப்பாக்கி வெளியே வந்தது.

வந்தது, ஆனால் என் பெயரில் வந்தது. யார் பெயரில் வந்ததோ அவரைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. தேர்வில் எங்கள் மாவட்டத்துக்கு இருந்த ஒரே இடமும் துப்பாக்கியோடு என் பெயருக்கு மாறிவிட்டது. யாலானுக்கும் குறை வைக்கவில்லை. அணித் தலைவர் என்று அட்டை கொடுத்துக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள்.

ரயிலில் ஆறு மணி நேரம் துப்பாக்கிப் பெட்டி என் மடியில் இருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, வண்டி குலுங்குது. குறுக்கால புடிச்சுக்குங்க, அடி படாது" என்றாள்.

தேர்வு நடந்த இடத்தில், சுடுகிறவர்கள் போடும் அந்த விறைத்த சட்டை எனக்குப் பொத்தான் போட வரவில்லை. தலைமை நடுவர் பெய்ஜிங்கிலிருந்து வந்த ஒல்லியான மனிதர். அதிகாரிகள் வரிசையில் உட்கார்ந்திருந்த யாலானைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"உலகச் சாம்பியன் அங்க உட்கார்ந்திருக்கா. நீங்க இங்க நிக்கிறீங்க. என்னம்மா இது கூத்து?"

விளக்கினேன். முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார்.

"உடம்பு சரியில்லன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. ஒங்க எடத்துல, இதே ரைஃபிளோட அவ நிக்கட்டும். எங்க விதியில வழி இருக்கு. இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

யாலான் எழுந்து வந்தாள். அவள் விரல்கள் நடுங்கி அன்றைக்குத்தான் பார்த்தேன். "அக்கா" என்றாள்.

இவ்வளவு நேரமும் டோங்கைக் கேலி செய்து எழுதினேன் அல்லவா? பேனாவைக் கையில் எடுத்தேன். பதினெட்டு வருஷமாகப் பொய் எழுதியவள்தான். ஆனால் அதெல்லாம் அலுவலகத்தின் பெயரில் போன பொய். இதில் என் பெயர் இருக்கும். நாளைக்கு யாராவது கேட்டால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். நடுவரைப் பார்த்து, மிகவும் மரியாதையாக, "மேலிடத்தைக் கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

டோங்குக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். இருபது நிமிஷமும் அப்படியே போனது. பிறகு கோட்டில் போய் நின்று அறுபது குண்டும் சுட்டேன். பதினோரு குண்டு பக்கத்துப் பெண்ணின் இலக்கு அட்டையில் விழுந்து, அவள் புகார் கொடுத்தாள்.

திரும்பி வந்து நானே அறிக்கை எழுதினேன். 'துப்பாக்கியையே தொட்டறியாத ஊழியர் ஒருவர் ஒரே மாதத்தில் 214.6 புள்ளி ஈட்டியுள்ளார். இதே வேகத்தில் போனால் மூன்றாவது மாதம் உலகச் சாதனை முறியடிக்கப்படும்.' மாகாணத்தில் அதைப் படித்துவிட்டு எனக்குச் 'சிறந்த ஊழியர்' விருது அறிவித்தார்கள். அதே வாரத்தில் தேசிய அணிப் பட்டியலிலிருந்து யாலானின் பெயரை அடித்துவிட்டார்கள்.

விருதுப் படிவத்துக்குத் துணை இயக்குநரின் ஒப்புதல் வேண்டும். எடுத்துக்கொண்டு போனேன். அவள் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள்.

"என் மேல கோவம்னா மறுத்துடும்மா. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்றேன். "அன்னிக்கு நான் என்ன பண்ணுவேன், சொல்லு. மேலிடத்துல யாரும் போன எடுக்கல."

யாலான் பேனாவை மூடி வைத்தாள்.

"துப்பாக்கி விஷயத்துல ஒங்களுக்கு மேலிடம் நான்தான, அக்கா" என்றாள். "பக்கத்துலதான் நின்னேன். நீங்க கேக்கவே இல்ல."

நான் படிவத்தை வாங்கிக்கொண்டு வந்து முத்திரை போட்டு மாகாணத்துக்கு அனுப்பி வைத்தேன்.