அப்பாவை யார் எழுப்புவது?

மாங்கெரே, ஆக்லாந்து.

தோங்காவில் இருந்தபடியே எங்கள் எல்லோரையும் ஆளும் மூத்த அக்கா அகோசிதா அவர்களுக்கு, தம்பி ஃபிலிமோனே தலைதாழ்த்தி எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் என் மகள், உங்கள் மருமகள் லோசேலியும் நலம். உங்கள் முட்டிவலியும் பன்றிகளும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல்.

வழக்கு முடிந்தது அக்கா. என்னைவிட்டுப் பிரிந்தபோது ஒரு பாயைக்கூடக் கேட்காத சலோமே, சனிக்கிழமை ஆராதனை நடத்தும், பன்றி தொடாத சபையில் சேர்ந்ததும், பன்றி தின்னும் வீட்டுக்கு மகளை அனுப்பமாட்டேன் என்று கோர்ட்டுக்குப் போய்விட்டாள். திங்கள் முதல் வெள்ளிவரை விமான நிலையத்தில் பெட்டி தூக்குகிறவன் நான். சனி ஞாயிறும் போனால் மகளைப் போட்டோவில்தான் பார்க்க வேண்டும். நீதிபதி அம்மா எடுத்த எடுப்பில், "குழந்தை விஷயத்துல உங்க விருப்பம் என்ன?" என்றார். வளர்ந்த வளர்ப்பு விடுமா? "அதை நான் சொல்லக்கூடாதும்மா. அவ அத்தைதான் சொல்லணும்" என்றேன். எதிர்க்கட்சி சலோமேயும் எழுந்து, "ஆமாம்மா, அதுதான் எங்க முறை" என்றாள். வெள்ளைக்கார அம்மா மட்டும், இந்தத் தகப்பனுக்கு அக்கறையே இல்லை என்பதுபோலப் பார்த்தார். நான் பதறிப்போய், "ஞாயித்துக்கிழமை மகளோட சர்ச்சுக்குப் போகலேன்னா செத்துருவேம்மா!" என்று அளந்துவிட்டேன். சாட்சிக்கு நம் போதகரையே அழைத்துப் போயிருந்தேன். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டேன்.

"இவர் தவறாம சர்ச்சுக்கு வருவாரா?" என்று நீதிபதி அவரைக் கேட்டார்.

"சர்ச்சுல பன்றி சுட்டு விருந்து வைக்கிற அன்னிக்குத் தவறவே மாட்டாரு."

"மத்த நாள்ல?"

"வருவாரு. பிரசங்கம் ஆரம்பிச்சதும் கடைசி வரிசையில குறட்டை கேக்கும்."

சலோமே சிரித்துவிட்டாள். கல்யாணமான புதிதில் சிரிப்பாளே, அதே சிரிப்பு. எனக்கு அழுகை வந்தது அக்கா.

பிறகு லோசேலியைத் தனியாக விசாரித்த, பிள்ளைக்கென்று கோர்ட் வைத்த வக்கீலம்மா, அவள் சொன்னதை அப்படியே சொன்னார்: "எனக்கு ரெண்டு சர்ச்சும் பிடிக்கும். ஆனா அப்பா தூங்கிடுவாரு, நான்தான் விலாவுல குத்தி எழுப்புவேன். நான் போகலேன்னா அவரை யாரு எழுப்புவா?"

ஞாயிறு எனக்கே கிடைத்தது. பக்தியால் இல்லை, குறட்டையால். சனிக்கிழமை சலோமேக்குப் போய்விட்டது. ஆகையால் நீங்கள் உடனே விமானம் ஏறி வந்து, "பன்றியில்லாத சபையும் ஒரு சபையாடி?" என்று சலோமேயை நாலு வார்த்தை கேட்டு, சனிக்கிழமையையும் வாங்கித் தர வேண்டும். அத்தை சொல்லை அவள் தட்டமாட்டாள்.

உங்கள் முட்டி இலேசாகவும் பன்றிகள் கனமாகவும் கர்த்தர் அருள்வாராக.

பணிவுள்ள தம்பி,
ஃபிலிமோனே

பி.கு.: டிக்கெட் வாங்கவேண்டாம். கடிதத்தைத் தபாலில் போடுமுன் சனிக்கிழமை வந்துவிட்டது. லோசேலி அவர்கள் சபையில் தனியாகப் பாடப்போகிறாள் என்று சலோமே சொல்லியனுப்பினாள். வேவு பார்க்கத்தான் போனேன். சாப்பாட்டில் தேங்காய்ப்பாலில் வெந்த கீரை. வெட்கமில்லாமல் மூன்று தரம் வாங்கிக்கொண்டேன். நம் போதகரிடம் மூச்சு விடாதீர்கள். அங்கே பிரசங்கம் அவருடையதைவிட இரண்டு மடங்கு நீளம். பிள்ளை மேடையில் இருந்தாள், பக்கத்தில் குத்த ஆளில்லை. நான் கண்ணை மூடவே இல்லை அக்கா.