பாரிஸ் தவம்

ஆஸ்திரேலியாவின் மல்கிரேவில் இருக்கும் தன் வீட்டுக் குளியலறையைப் பூட்டிக்கொண்டு, தவம் பாரிஸ் மெட்ரோ வரைபடத்தைப் பாடமாக்கிக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ! பாரிஸ் ஆக்கள் வந்திட்டினம். பழைய கதை கதைக்க உங்களுக்கு ஆள் கிடைச்சிட்டுது, வெளியில வாங்கோ!" என்று மனைவி அருந்ததி கதவைத் தட்டினாள்.

தவம் வரைபடத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்தார். அவர் பாரிஸைக் கண்ணால் கண்டதே இல்லை.

இருபத்தேழு வருடங்களுக்கு முன், பாரிஸ் என்று சொல்லி ஏற்றிய ஏஜென்சிக்காரன், மேற்கு ஆபிரிக்காவில் தோகோவின் தலைநகரான லோமேயில் இறக்கிவிட்டு மாயமாகிவிட்டான். துறைமுகத்தை ஒட்டிய ஓர் அறையில் பதினொரு மாதம். பிரெஞ்சுக்காரன் ஆண்டுவிட்டுப் போன ஊர். பிரெஞ்சு இருந்தது, நீட்டுப் பாண் ரொட்டி இருந்தது, பிராங்க் காசு இருந்தது. பாரிஸ் மட்டும்தான் இல்லை. ஒருநாள் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். அறைச் சுவரில் கரித்துண்டால் இரண்டு வரி கிறுக்கத்தான் நேரம் கிடைத்தது.

சொந்த ஊர் ஏழாலைக்கு வந்து வெட்கத்தில், "பாரிஸ் குளிர் ஒத்துவரேல்லை" என்று சொல்லிவிட்டார். அந்தக் குளிருக்குத்தான் அருந்ததி கழுத்தை நீட்டினாள். பிறகு படகேறி ஆஸ்திரேலியா வந்து விசாவுக்கு வருடக்கணக்கில் காத்திருந்தார். அவருக்கு முன்பே அந்தப் பொய் வீட்டில் நிரந்தர வதிவிடம் எடுத்துவிட்டது.

த பேசின் என்ற ஊரிலுள்ள பிள்ளையார் கோயிலில் குடும்பத்துக்கு ஒரு தேங்காய் உடைத்தால், லோமேயில் பசித்தபோதெல்லாம் சோறு தந்த மீன்காரி மதாம் அபிக்கும் இரகசியமாக ஒன்று உடைப்பார். "இது ஆருக்கு?" என்று அருந்ததி கேட்டால், "பொதுவா" என்பார்.

இன்று பாரிஸிலிருந்து வந்திருப்பவர்கள் மகள் கௌசிகாவைப் பெண் கேட்டு வந்த மாப்பிள்ளையின் தாய் தகப்பன். மாப்பிள்ளை லோஜனின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து பிள்ளை தனியே சிரித்துக்கொண்டு திரிகிறாள். தகப்பன் பொய்யன் என்று தெரிந்தால் அந்தச் சிரிப்பு என்னாவது?

தவம் வெளியே வந்தார்.

"அண்ணை பாரிஸில இருந்தனீங்களாம்?" லோஜனின் தகப்பன் சிறிதரன் கேட்டார். பக்கத்தில் அவர் மனைவி சிவனேஸ்வரி அடக்கமாக இருந்தாள். "வேலைக்கு எதில போறனீங்கள்?"

பாடமாக்கிய அத்தனை ஸ்டேஷனும் தலையிலிருந்து இறங்கிப் போய்விட்டன. "மோட்டார் சைக்கிள் டாக்சியில."

"மெட்ரோவில இல்லையோ?"

"மெட்ரோவில சனம். இது கடற்கரையால காத்தோட்டமாப் போகலாம்."

கௌசிகா போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்பா, பாரிஸ்ல பீச் இல்லையே!"

"அது... ஆறுதான் பிள்ளை. தென்னை மரம் நிண்டதால கடல் எண்டு நினைச்சிட்டன்."

சிறிதரனுக்குத் தேநீர் புரையேறியது. "வேற ஊர் ஏதும் இருந்தனீங்களோ அண்ணை?"

"சீச்சீ! பாரிஸை விட்டு ஒரு அடி அசையேல்லை."

சிறிதரனின் முகம் வாடிப்போனது. பொய்யைப் பிடித்துவிட்டார் என்று தவம் பயந்தார்.

கணவரைக் காப்பாற்றுவதாக நினைத்து அருந்ததி களத்தில் இறங்கினாள். "ரெண்டு பேரும் கதைச்சது காணும். இவர் பாரிஸில பழகின சாப்பாடு செய்து வச்சிருக்கிறன். வருசத்துக்கு ஒருக்கா இதைச் சாப்பிடாட்டி இவருக்கு மனம் ஆறாது!"

குசினியிலிருந்து அவள் கொண்டுவந்து வைத்தது வெள்ளைச் சோளமாக் களி உருண்டை, பொரித்த மீன், கண்ணைப் பறிக்கும் மிளகாய்க் கூழ். தவத்துக்கு உயிர் போய் வந்தது. பாரிஸில் எவன் இதைச் சாப்பிடுவான்?

சிறிதரன் கையாலேயே களியைக் கிள்ளி, கூழில் தோய்த்து வாயில் வைத்தார். மெல்லவில்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"உறைப்போ? கௌசிகா, தண்ணி கொண்டா!" என்று அருந்ததி பதறினாள்.

"இல்லை... இருக்கட்டும்..." என்று அவர் விம்மினார்.

பார்க்கப் பொறுக்கவில்லை. வந்த விருந்தாளியை அழவைத்துவிட்டுத்தானா இந்தப் பொய்யைக் காப்பாற்ற வேண்டும்? தவம் எழுந்து நின்றார்.

"அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் பாரிஸைப் படத்திலதான் பாத்தனான். இருந்தது லோமேயில. இது அங்க ஒரு மனுசி எனக்குப் போட்ட சாப்பாடு. பொய் சொன்னது நான். பிள்ளையில கோவிக்காதேங்கோ."

அருந்ததி கரண்டியோடு நின்றாள். "அப்ப அந்தக் குளிர்?"

"அங்க வேர்த்து ஊத்தும்."

அதுவரை வாய் திறக்காத சிவனேஸ்வரி, கணவரின் தோளைத் தட்டிவிட்டு மெல்லச் சொன்னாள்:

"அப்ப நாங்கள் சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கிறம் அண்ணை; 'வாசலில மீன் விக்கிற மதாம் அபியிட்ட வெக்கப்படாமல் கேளுங்கோ, சாப்பாடு தருவா — தவம், ஏழாலை' எண்டு லோமேயில இவரும் மாட்டுப்பட்டுக் கிடந்த அறைச் சுவரில எழுதியிருந்ததை வாசிச்சுத்தான் இவர் உயிர் தப்பினவர், பிள்ளையின்ர சாதகக் குறிப்பில உங்கட பேரையும் ஊரையும் கண்ட உடனேயே பொருத்தமும் பாக்காமல் டிக்கெட் போட்டிட்டார்."